கறுப்பு எஞ்சினின் பழுது அட்டை

முப்பத்துநான்கு ஆண்டுகள் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவரின் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஓர் அட்டை இருந்தது. தண்ணீர் மோட்டாருக்கு ஒன்று, கூடத்து மின்விசிறிக்கு ஒன்று, மனைவியின் தையல் இயந்திரத்துக்கு ஒன்று. உள்ளங்கை அகலமுள்ள கெட்டி அட்டை. மேல் மூலையில் துளை, துளையில் நூல். அதில் ஐந்து கட்டங்கள்: தேதி, கண்ட பழுது, காரணம், செய்த வேலை, வாடிக்கையாளர் கையொப்பம். அவர் வேலை பார்த்த கம்பெனியில் ஒவ்வொரு லிஃப்டின் மெஷின் ரூமிலும் இப்படி ஓர் அட்டை ஆணியில் தொங்கும். மற்ற மெக்கானிக்குகள் மூன்றாவது கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் படியிறங்கிவிடுவார்கள். இவர் ஒருநாளும் கோடு இழுத்ததில்லை. எலி கடித்தது என்றால் எலி என்று எழுதுவார். கட்டடக்காரர் தண்ணீர் ஒழுகவிட்டது என்றால் அதையும் எழுதி, அவரையே கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். தன் கைத்தவறு என்றால் “என் கவனக் குறைவு” என்று எழுதிக் கையெழுத்திடுவார். அப்படி எழுதியது மொத்தம் பதினொரு முறை. பதினொன்றும் எந்தெந்தக் கட்டடம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

வீட்டிலும் இந்தச் சட்டம் தளரவில்லை. தையல் இயந்திரத்து அட்டையில் ஒருமுறை, “பழுது: நூல் அறுகிறது. காரணம்: வாடிக்கையாளரின் அவசரம்” என்று எழுதிக் கையொப்பத்துக்கு நீட்டினார்.

“அவசரமா? உங்க சட்டைக்குத்தாங்க பட்டன் வெச்சுக்கிட்டிருந்தேன்” என்றார் மனைவி. அந்தக் கட்டம் இன்றுவரை காலியாகவே இருக்கிறது.

உறவினர்கள் அவரை லிஃப்ட்காரர் என்றே சொல்வார்கள். அந்த லிஃப்ட்காரர் வீட்டில் அட்டை இல்லாத பொருள் ஒன்றே ஒன்று. பின்னறை மேசைமேல் பத்தொன்பது ஆண்டுகளாக அசையாமல் நின்ற கறுப்பு மாடல் எஞ்சின்.

அதைப் பொம்மை என்று சொன்ன உறவினர் எவருக்கும் அந்த வீட்டில் இரண்டாவது டீ கிடைத்ததில்லை. ஒரு சாண் நீளமுள்ள நீராவி எஞ்சின். ஆளைச் சுருக்கினார்களே தவிர அங்கம் எதையும் குறைக்கவில்லை என்பது அவர் வாதம். புகைபோக்கி, நிலக்கரிப் பெட்டி, சக்கரங்களைக் கோக்கும் தண்டுகள், முன்நெற்றியில் அரிசியளவு விளக்கு, எல்லாம் இருந்தன. வயிற்றுக்குள் மட்டும் நீராவி இல்லை. சிறிய மின்மோட்டார் ஒன்றும், அதற்கடியில் தீப்பெட்டியில் பாதியளவு பித்தளைக் கியர்பாக்ஸ் ஒன்றும் இருந்தன.

எஞ்சின் அவர் ஒருவருடையது அன்று. அவரும், நான்கு வயது இளைய தங்கையும் ஒரே ஆண்டில் வேலைக்குப் போனார்கள். அவர் லிஃப்ட் கம்பெனிக்கு. தங்கை பள்ளி அறிவியல் ஆசிரியையாக. முதல் சம்பளத்தில் உருப்படியாக ஏதாவது வாங்கு என்று அம்மா இருவரிடமும் தனித்தனியே சொல்லி அனுப்ப, இருவரும் சேர்ந்து வாங்கி வந்தது இதுதான். அம்மா மூன்று நாள் பேசவில்லை. அண்ணன் தண்டவாளம் பூட்டி ஒயர் இழுத்தார். தங்கை பழைய செய்தித்தாளைப் பசையில் ஊறவைத்து மலை செய்தார். மலையைக் குடைந்து சுரங்கம் செய்தார். தீக்குச்சிகளால் ஒரு நிலையமும் கட்டினார். நிலையத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் தகராறு முற்றி, பெயர்ப்பலகை வெறும் மஞ்சளாகவே நின்றுவிட்டது.

தங்கை மணமாகிப் பத்து நிமிட நடைதூரத்தில் குடியேறினார். ஞாயிறு பிற்பகல் தவறாமல் வருவார். ஒரு வாரம் அண்ணன் வேகக் குமிழைத் திருப்புவார், மறு வாரம் தங்கை. குடும்பமே தங்கையை டீச்சர் என்று அழைக்கத் தொடங்கிய பிறகும் அண்ணன் மட்டும் “குட்டி” என்றே கூப்பிட்டார்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் டீச்சரின் பள்ளியில் மூன்று நாள் அறிவியல் கண்காட்சி நடந்தது. எஞ்சினையும் ஒரு வட்டத் தண்டவாளத்தையும் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார். நான்காம் நாள் திருப்பிக் கொண்டுவந்தபோது எஞ்சின் ஓடவில்லை.

“மொத நாள் நல்லா ஓடுச்சுண்ணா. ரெண்டாம் நாள் மெதுவாயிடுச்சு. மூணாம் நாள் அப்படியே நின்னுடுச்சு.”

அண்ணன் மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். எஞ்சின் முணுமுணுத்தது; நகரவில்லை. அவர் முகம் இறுகிவிட்டது.

“பிள்ளைங்க கைய வெச்சுத் தள்ளியிருக்காங்க. உள்ள கியர் பல்லு போயிருக்கு. உன்ன நம்பிக் குடுத்தேன் பாரு.”

கடைசி வாக்கியத்தை அவர் உரக்கக்கூடச் சொல்லவில்லை. டீச்சர் தண்டவாளப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த ஞாயிறும் வந்தார். ஆனால் பின்னறையின் நிலைப்படியோடு நின்றுகொண்டார்.

“உள்ள வாயேன்” என்றார் அண்ணன்.

“வேணாம்ணா. நான் தொட்டா கெட்டுப்போயிடும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். இதைப் பகை என்று யாரும் சொல்ல முடியாது. ஒருவர் வீட்டு நல்லது கெட்டதில் மற்றவர் முன்னால் நின்றார்கள். டீச்சரின் கணவர் மூன்று மாதம் படுக்கையில் கிடந்து இறந்தபோது, மருத்துவமனைக்கு நாள்தோறும் போய்வந்தது அண்ணன்தான். ஆனால் பின்னறை நிலைப்படியை மட்டும் டீச்சர் தாண்டவே இல்லை. டீக்கோப்பையோடு சாய்ந்து நின்று நின்று, நிலைக்கதவுச் சட்டத்தில் அவர் தோளுயரத்துக்கு வண்ணம் தேய்ந்து மரம் தெரிந்தது. அண்ணனும் எப்போதிலிருந்தோ, மற்றவர்களைப் போலவே, அவரை டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்.

எஞ்சினை அவர் திறக்கவில்லை. பல் போனதைத் திறந்து பார்த்து என்ன ஆகப்போகிறது, மாற்றுப் பல் செய்பவர்களும் கடையைக் கட்டிவிட்டார்கள் என்பார். வாரம் ஒருமுறை தூசி தட்டுவார். அவ்வளவுதான்.

இந்த நிலையில், ஒரு ஞாயிறு பிற்பகல், நிலைப்படியில் சாய்ந்தபடி டீச்சர் சொன்னார்: “அடுத்த ஞாயித்துக்கிழமை நான் இங்க இருக்க மாட்டேண்ணா.”

வெளியூரில் இருக்கும் மகள் நெடுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வீட்டைக் காலி செய்துவிட்டு நிரந்தரமாகப் போவதாக முடிவு. ஞாயிறு காலை புறப்பாடு. “சனிக்கிழமை சாயங்காலம் வந்து சொல்லிக்கிட்டுப் போறேன்.”

“இப்பவே உள்ள வந்து உக்காரு. நின்னுக்கிட்டே சொல்ற விஷயமா இது?”

“வேணாம்ணா. நான் தொட்டா…”

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்தொன்பது ஆண்டுகளில் அந்த வாக்கியம் பாதியில் நின்றது அதுவே முதல்முறை. வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று அதுவரை தன்னைத் தானே நம்பவைத்திருந்த லிஃப்ட்காரருக்கு, இனி அப்படி நம்ப வழியில்லாமல் போயிற்று. சனிக்கிழமைக்குள் அந்த நிலைப்படியை அவள் ஒருமுறையாவது தாண்ட வேண்டும். தாண்டாமல் ஊருக்குப் போய்விட்டால் பிறகு எந்த ஞாயிறும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழி எஞ்சினை ஓடவைப்பது.

டீச்சர் போன பிறகு மனைவி கோப்பைகளைக் கழுவிக்கொண்டே பேசினார், குழாயிடம் சொல்வதைப் போல.

“ஊர்ல இருக்கிற லிஃப்ட் அத்தனையும் திறந்தாச்சு. பக்கத்து வீட்டு இஸ்திரிப் பெட்டி, எதிர் வீட்டு ரேடியோ, அதெல்லாம் ஆச்சு. ஒரு சாண் எஞ்சின திறக்க மட்டும் கை வரல.”

“பல்லு போனத திறந்து என்ன பண்றது?”

“போனதப் பாத்தீங்களா?”

அவர் ஈரக் கோப்பை ஒன்றை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

எஞ்சினைத் திறந்த நாளைப் பற்றி வீட்டில் இரண்டு கருத்து உண்டு. மனைவி திங்கள் என்பார். அட்டையில் செவ்வாய் என்றிருக்கிறது, அட்டையையே நம்பலாம். காலை வெயில் மேசைக்கு வரும்வரை காத்திருந்து, திருகாணி உருண்டோடாதிருக்கப் பழைய துண்டு ஒன்றை விரித்தார். பாட்டில் மூடிகள் ஆறை வரிசையாக வைத்தார். எந்த இயந்திரமானாலும் திறப்பதற்கு முன் அதன் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது அவர் வழக்கம். ஒயரைக் கொடுத்தார். நெற்றி விளக்கு மங்கலாக எரிந்தது; வயிற்றுக்குள் ஒரு முணுமுணுப்பு. சக்கரம் அசையவில்லை. சூடேறும் வாசனை வருமுன் ஒயரை எடுத்துவிட்டார்.

எடுத்த கை அப்படியே நின்றது.

பல் போயிருந்தால் மோட்டார் சும்மா சுழலும். சக்கரம் மட்டும்தான் நிற்கும். இங்கே மோட்டாரும் சேர்ந்து நிற்கிறது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பும் அப்படித்தான் நின்றது, இதே முணுமுணுப்பு. ஒரு லிஃப்டில் இப்படிக் கேட்டிருந்தால் மாடிப்படியில் ஏறும்போதே சொல்லியிருப்பார், பல் போகவில்லை, எங்கோ இறுகியிருக்கிறது என்று. மேலும், எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் காவலாளியிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, “எப்பத்திலிருந்து? எப்படி ஆரம்பிச்சுது?” முதல் நாள் நன்றாக ஓடியது, இரண்டாம் நாள் மெதுவானது, மூன்றாம் நாள் நின்றது. கேட்காமலே தங்கை ஒழுங்காக வரிசைப்படுத்திச் சொன்னாள். காவலாளிகளுக்குக் கொடுத்த காதை அவர் தங்கைக்குக் கொடுக்கவில்லை.

மேல் உடலைக் கழற்றினார். மோட்டாரைக் கியர்பாக்ஸிலிருந்து பிரித்துத் தனியாக ஒயர் கொடுத்தார். குளவி போல இரைந்து சுழன்றது. அப்படியானால் நோய் பித்தளைப் பெட்டிக்குள்தான். அடியில் இருந்த நான்கு திருகாணிகளும் வந்துவிட்டன, மூடி வரவில்லை. பசை போட்டு ஒட்டியதைப் போலிருந்தது. பிளேடின் முனையைக் கொடுத்து நெம்ப, ‘டக்’ என்று விட்டது.

உள்ளே பல் எதுவும் தெரியவில்லை. பெட்டி முழுக்க அரக்குக் கட்டி போல ஒரு பழுப்பு நிறப் பொருள். அதற்குள் புதைந்து, மோட்டாரிலிருந்து வரும் திருகுப் பல்லும், அது சுழற்ற வேண்டிய நைலான் சக்கரமும், பிசினில் சிக்கிய எறும்புகள் போல இறுகிக் கிடந்தன. பல் குத்தும் குச்சியால் சுரண்டினார். மேல்பக்கம் பழுப்பு, கொஞ்சம் ஆழத்தில் கறுப்பு. காற்றுப் படாத அடிமூலையில் குச்சி இறங்கியபோது, முனையில் ஒட்டிக்கொண்டு வந்தது நீலம்.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நீலந்தான்.

அந்த நீலம் கடைகளில் கிடைக்காது. லிஃப்ட் ஏறி இறங்கும் இரும்புத் தண்டவாளங்களில் தடவுவதற்காக அவருடைய கம்பெனி தனியாகச் செய்து வாங்கிய கிரீஸ் அது. இருட்டுக் குழிக்குள் தடவிய இடமும் தடவாத இடமும் தெரிய வேண்டும் என்பதற்காகச் சாயம் கலந்திருப்பார்கள். கத்தியால் எடுத்துப் பூச வேண்டிய கெட்டி. பத்து மாடி இரும்பைத் தாங்கும் அந்தக் கிரீஸைப்போல் உலகத்தில் இன்னொன்று இல்லை என்று அவரே நூறு முறை சொல்லியிருக்கிறார். இந்தத் தெருவில் அந்த டப்பா இருந்த ஒரே பை அவருடைய தோள்பை.

நினைவு கோர்வையாக வரவில்லை. கைதான் முதலில் நினைத்தது. கண்காட்சிக்கு முந்தின மாலை. தங்கையின் பள்ளியில் நூறு பேர் பார்க்க ஓடப்போகும் வண்டி, நடுவில் நின்று அவள் மானம் போய்விடக் கூடாது என்று, இந்தப் பெட்டியைத் திறந்து, பையில் இருந்ததிலேயே உயர்ந்த கிரீஸை விரலால் வழித்து, இண்டு இடுக்கு விடாமல் அடைத்து மூடியவர் அவர். பெரிய இரும்புக்கு ஆவது கடுகளவு நைலானுக்கு ஆகாது என்பது அன்று அவருக்குத் தோன்றவில்லை. முதல் நாள் அது இளகி ஓடியிருக்கிறது. இரண்டாம் நாள் வகுப்பறைச் சுண்ணாம்புத் தூளும் சேர்ந்து கெட்டியாகியிருக்கிறது. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. அவள் சொன்னது சொன்னபடியே நடந்திருக்கிறது.

“பல்லு போயிருக்கா?” வாசலிலிருந்து மனைவியின் குரல்.

“இல்ல.”

“அப்புறம் என்னவாம்?”

“கிரீஸ் காஞ்சு போயிருக்கு.”

“யாரு போட்ட கிரீஸு?”

அவர் கை கழுவ எழுந்து போய்விட்டார். கழுவும்போது ஓர் எண்ணம் வந்தது என்பதை அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். சுத்தம் செய்து பூட்டிவிட்டால் எஞ்சின் ஓடும். ‘சரியாயிடுச்சு, வந்து பாரு’ என்று சொன்னால் போதும். எதனால் நின்றது என்று அவள் கேட்க மாட்டாள். கேட்டாலும், ‘பழசாயிடுச்சு’ என்றால் தீர்ந்தது. காரணக் கட்டத்தில் ஒரு கோடு.

திரும்பி வந்தபோது மனைவி மேசைத் துண்டைக் கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டில் கட்டைவிரல் அகலத்துக்கு நீலக் கறை.

“முப்பத்துநாலு வருஷமா உங்க சட்டையில இருந்து இந்த நீலத்தத்தாங்க தேச்சு எடுத்துக்கிட்டிருந்தேன். என்கிட்டயே கிரீஸ் காஞ்சு போச்சுங்கறீங்க.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அவகிட்ட எப்படிச் சொல்றது?”

“புதுசாக் கேக்குறீங்க. ஊரெல்லாம் எழுதித் தொங்கவிட்ட ஆளு.”

மீதி வேலை மூன்று நாள் பிடித்தது. கம்பெனிப் பழக்கத்தில், பெயின்ட் கரைக்கும் தின்னரைத்தான் முதலில் எடுத்தார். நைலானுக்கு அது ஒத்துக்கொள்ளுமோ என்ற சந்தேகத்தில், மனைவியின் பெட்டியிலிருந்து ஒரு பழைய பட்டனை அதில் போட்டுப் பார்த்தார். அரைமணி நேரத்தில் பட்டன் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பட்டனுக்காக வாங்கிய பேச்சு தனிக்கதை. பிறகு மருந்துக்கடைக்குப் போய் ஸ்பிரிட் கேட்டார்.

“காயம் எங்கங்க?” என்றார் கடைக்காரர்.

“வயித்துக்குள்ள.”

“ஐயோ, அதுக்கு ஸ்பிரிட் ஆகாது. டாக்டரப் பாருங்க.”

எஞ்சினுடைய வயிறு என்று விளக்கி வாங்கி வருவதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பித்தளைப் பெட்டியை ஒரு கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி ஊறப்போட்டார். மறுநாள் பிற்பகலில் அரக்கு இளகிச் சேறாயிற்று. குச்சியால் வழித்தார்; பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார்; எட்டாத மூலைகளுக்குக் காது குடையும் பஞ்சுக்குச்சி. நீலமும் கறுப்புமாகப் பஞ்சு குவிந்தது. நைலான் சக்கரத்தை அச்சிலிருந்து உருவாமல், விரலால் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பித் திருப்பிப் பல்லுக்குப் பல் துடைத்தார். தேன் நிறத்தில் இருந்தது வெளுத்துக்கொண்டே வந்து, பால்பல் போல வெண்மையாயிற்று.

அதன் பிறகு பென்சிலால் ஒரு பல்லில் புள்ளி வைத்து எண்ணினார். முப்பது. பூதக்கண்ணாடியோடு இரண்டாம் முறை எண்ணினார். மூன்றாம் முறை ஒவ்வொரு பல்லின் முனையையும் நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணினார். முப்பதும் முழுசாக இருந்தன. ஒன்றில்கூடச் சிராய்ப்பு இல்லை.

திரும்பப் பூட்டும்போது அச்சு சுழலும் இரண்டு இடங்களுக்கு ஊசிமுனையில் எடுத்த தையல் இயந்திர எண்ணெய் ஒவ்வொரு துளி. பல்லுக்கு, நைலானுக்கென்றே விற்கும் மெல்லிய வெள்ளைக் கிரீஸ் கடுகளவு. கடுகளவு போட்ட பிறகும் கை மறுபடி டப்பாவுக்குள் போயிற்று. மனைவி டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். எஞ்சினைத் தலைகீழாகக் கிடத்தி, முன்னுக்கு அரைமணி, பின்னுக்கு அரைமணி ஓடவிட்டார். முதலில் இருமியது, போகப் போகச் சத்தம் ஒரே சீராயிற்று. சக்கரத் தண்டுகள் மேலும் கீழும் போய்வருவதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மாலை டீச்சர் வந்தார். தோளில் பை, கையில், இனித் தனக்குத் தேவைப்படாத பூந்தொட்டி ஒன்று. அண்ணியிடம் தொட்டியைக் கொடுத்துவிட்டு, பழக்கப்படி பின்னறை நிலைப்படிக்கு வந்து சாயப் போனவர், சாயவில்லை. தோள் படும் இடத்தில், வண்ணம் தேய்ந்த மரத்தில், ஓர் ஆணி அடித்திருந்தது. ஆணியில் ஓர் அட்டை தொங்கியது. பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அட்டையில் தேதிக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது:

கண்ட பழுது: எஞ்சின் ஓடவில்லை.

காரணம்: கியர்பாக்ஸில் லிஃப்ட் தண்டவாளக் கிரீஸ் அடைப்பு. கண்காட்சிக்கு முந்தின நாள் போட்டது. போட்டவர் அண்ணன். எடுத்துச் சென்றவர்மீதோ பிள்ளைகள்மீதோ தவறு எதுவும் இல்லை. பழி சொன்னது என் கவனக் குறைவு.

செய்த வேலை: பழைய கிரீஸ் முழுதும் நீக்கப்பட்டது. பற்கள் முப்பதும் நல்ல நிலை.

கையொப்பக் கட்டம் காலியாக இருந்தது.

டீச்சர் படித்தார். விடைத்தாளைத் திரும்பப் படிப்பதைப் போல மேலிருந்து மறுபடி படித்தார். அண்ணன் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் துண்டை மடித்தார்.

“ஒரு பொண்ணு தள்ளினாண்ணா” என்றார் டீச்சர்.

“என்ன?”

“மூணாம் நாளு. மொத வரிசையில நின்ன ஒரு பொண்ணு. தொடாதேன்னு நான் சொல்றதுக்குள்ள விரல வெச்சுத் தள்ளிட்டா. நான் பாத்தேன். உன்கிட்ட சொல்லல.” கண்ணாடியைக் கழற்றினார். “நீ சொன்னது சரின்னுதான் நெனச்சேன். என்னாலதான் பல்லு போச்சுன்னு. அதான் உள்ள வர மனசே வரல. நீயானா, நான் கோவத்துல நிக்கிறேன்னு நெனச்சிருப்ப.”

பின்னால் நின்ற மனைவி பூந்தொட்டியை மெல்லத் தரையில் வைத்தார்.

லிஃப்ட்காரர் மடித்த துண்டை மேசைமேல் வைத்தார். “அவ தள்ளினது வண்டி நின்னதுக்கு முன்னாடியா, அப்புறமா?”

“நின்னதுக்கு அப்புறம். ஓடாம நிக்குதேன்னுதான் தள்ளினா.”

“அப்ப அவ காரணம் இல்ல. பல்லு ஒண்ணுகூடப் போகல. முப்பதையும் மூணு தடவ எண்ணிட்டேன்.”

“நீயே போட்டு, நீயே எடுத்து, நீயே எண்ணினா எப்படி? நாலாவது தடவ நான் எண்ண வேணாமா?”

“கையெழுத்துப் போடு மொதல்ல.”

“நல்லா இருக்கே! ஓட்டிக் காட்டாம கையெழுத்தா? எந்த ஊர் கம்பெனி இது?”

அவர் வேகக் குமிழைத் திருப்பினார். நெற்றி விளக்கு எரிந்தது. எஞ்சின் ஒரு நொடி தயங்கி, வெறும் மஞ்சள் பலகையுள்ள நிலையத்திலிருந்து நகர்ந்தது. வளைவில் திரும்பியது. மேசையின் மறுகோடிக்குப் போய், டீச்சர் செய்த செய்தித்தாள் மலைக்குள் நுழைந்தது. நுழைந்த சத்தம் கேட்டது. வெளியே வரும் சத்தம் கேட்கவில்லை.

மூவரும் சுரங்க வாயைப் பார்த்தார்கள்.

“ஒரு சுத்துகூட வரலியே, மெக்கானிக்கு” என்றார் டீச்சர்.

“கியர்ல ஒண்ணும் இல்ல. உள்ள தண்டவாளம் அழுக்கு, கரண்ட் வரல. மத்த இடமெல்லாம் தொடச்சேன், அங்க மட்டும் என் கை எட்டல.” மேசையின் அந்தக் கோடி சுவரோரம் இருந்தது, குனிந்து, பக்கவாட்டில் புகுந்துதான் எட்ட வேண்டும். லிஃப்ட் நின்ற கட்டடங்களில் படியேறியே தேய்ந்த முழங்கால் அவருடையது. ஓரடி வைத்தார், மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நிலைப்படியில் இருந்தவரைப் பார்த்தார்.

“நீதான் போகணும். லேசாத் தள்ளு.”

“தள்ளவா?”

“தள்ளு குட்டி. ஒண்ணும் ஆகாது.”

டீச்சர் பையைத் தோளிலிருந்து இறக்கி நிலைப்படியில் வைத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவருக்கும் மேசைக்கும் இடையில் பக்கவாட்டில் புகுந்து, குனிந்து, தான் குடைந்த சுரங்கத்துக்குள் தோள்வரை கையை விட்டார். “தூசியப் பாரு, ஒரு படி அள்ளலாம்” என்று உள்ளிருந்தே திட்டினார். பிறகு விரல்கள் எஞ்சினைத் தேடிப் பிடித்தன. மலைக்குள் ஏதோ சிறிதாக அசைந்தது. எஞ்சின் வெளியே வந்தது. முதுகில் நூலாம்படை, நெற்றியில் வெளிச்சம். நிலையத்தைக் கடந்து மறுபடி வளைவுக்குப் போயிற்று.

அன்று டீ மூன்று முறை போடப்பட்டது. மூன்றும் பின்னறையிலேயே குடிக்கப்பட்டன. வேகக் குமிழ் யார் கையில் இருந்தது என்பதில் தகராறும் வந்தது. யாருடைய முறை என்று பத்தொன்பது ஆண்டுகளை எண்ணி முடிவுகட்ட இருவராலும் முடியவில்லை.

அட்டை இன்றும் அந்த ஆணியிலேயே இருக்கிறது. கடைசிக் கட்டத்தில், ஆசிரியர்களின் சிவப்பு மையில், கையொப்பமும் அதற்கு மேல் ஒரு வரியும் உண்டு: “சுரங்கத்தில் நின்றது. தள்ளினேன். ஓடுகிறது.”